‘கால் உள்ளுக்க நிக்குதில்ல’: நான்கு திருத்தங்களுக்குப் பிறகு பிடிபட்ட எலும்பு முள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் இயங்கும் ஒரு செயற்கை அவயவ நிலையத்தின் நிகழ்வு ஆய்வு இது. பயனாளி, பணியாளர்கள், நிலையம் எவற்றின் பெயரும் இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

பின்னணி

நிலையத்தின் வாங்கில் காலையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே இந்த மாகாணத்தின் கடந்த நாற்பது ஆண்டு தெரியும். அம்பாறைப் பக்கத்து ஓய்வுபெற்ற படைவீரர், படுவான்கரையின் முன்னாள் போராளி, கரையோரக் கிராமத்தில் ஊர்காவற் படையில் இருந்தவர் என்று மூவர் ஒரே வரிசையில், ஒரே தொழில்நுட்பவியலாளருக்காகக் காத்திருப்பார்கள். போர் 2009 மே மாதம் முடிந்தது. மட்டக்களப்பு மாவட்டம் 2017 இல் கண்ணிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆகவே புதிதாக மிதிவெடியில் கால் இழந்து வருபவர் இப்போது அநேகமாக இல்லை. வருபவர்கள் இருபது வயதில் காலை இழந்து இன்று ஐம்பதைத் தொடுபவர்கள். காயம் பழையது. உடம்போடு சேரும் நோய்கள்தான் புதியவை: சீனி, பிரஷர், மறுகாலின் மூட்டுத் தேய்வு.

நிலையம் பயன்படுத்துவது சர்வதேச செஞ்சிலுவைக் குழு வளர்த்தெடுத்த பொலிபுறொப்பிலீன் முறை. பிளாஸ்டரில் அச்செடுத்து, சூளையில் இளக்கிய தகட்டை அச்சின்மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி வடிவம் எடுப்பது. விலை குறைவு, தண்ணீருக்குக் கெடாது, திருத்துவது சுலபம். இந்தக் கடைசிக் குணத்துக்கு ஒரு பாதகமும் உண்டு. சூட்டுத் துப்பாக்கியும் அரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எந்த முறைப்பாட்டையும் பத்து நிமிடத்தில் ‘சரிசெய்து’ அனுப்பிவிடலாம்.

வெட்டப்பட்ட காலின் மிச்சப் பகுதியை நிலையத்தில் எல்லோரும் ஸ்டம்ப் என்றே சொல்வதால் இங்கும் அப்படியே எழுதப்படுகிறது. அதை ஏந்தும் கிண்ணம் சொக்கெட். இடையில் மெத்தை போல இருப்பது லைனர். ஸ்டம்பின் மேல் போடும் உறை சொக்ஸ். சொக்ஸின் தடிப்பைப் பிளை என்ற கணக்கில் சொல்வார்கள்: 1, 3, 5.

பயனாளி

நாற்பதுகளின் கடைசியில் இருக்கும் ஆண். இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. ஸ்டம்பின் நீளம் 13 செ.மீ. கொக்கட்டிச்சோலைப் பக்கம் இரண்டு ஏக்கர் வெள்ளாமை செய்பவர். நிலையத்துக்கு வர மண்முனைப் பாலத்தால் இரண்டு பஸ் ஏற வேண்டும். பதிவு அட்டையில் காயத்தின் காரணம் ‘பஸ் விபத்து’ என்று இருந்தது. இப்போதைய கால் இரண்டு வருடத்துக்கு முன் செய்தது: முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில் பாரம் தாங்கும் சொக்கெட், 6 மி.மீ. ஈ.வி.ஏ. (மென்மையான நுரைத் தகடு) லைனர், தொடைப் பட்டி, பொலியூரிதேன் பாதம்.

ஐந்து மாதம், ஐந்து வருகை

முதல் வருகை புரட்டாதியில், பெரும்போகத்துக்கு உழவு தொடங்கும் நேரம். அவர் சொன்னது: “தம்பி, கால் உள்ளுக்க நிக்குதில்ல.” பதிவேட்டில் எழுதப்பட்டது: ‘தளர்வு’. லைனரின் பின்பக்கம் 3 மி.மீ. ஈ.வி.ஏ. துண்டு ஒட்டி, 5 பிளை சொக்ஸ் இரண்டு கொடுத்து அனுப்பினார்கள்.

ஐந்து வாரம் கழித்து இரண்டாவது வருகை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் நோவு. தசைநாண் தாங்கும் மேடு குத்துகிறது என்று கருதி, அந்த இடத்தைச் சூடாக்கி வெளியே தள்ளினார்கள்.

மூன்றாவது முறை கார்த்திகை மழைக்குள் வந்தார். கால் உயரமாகத் தெரிகிறது, நாரி நோகிறது என்றார். கணுக்கால் பக்கம் 8 மி.மீ. வெட்டிக் குறைக்கப்பட்டது.

நான்காவது வருகையில் பாதத்தின் முன்பகுதி அடியில் வெடிப்பு. புதிய பாதம் பூட்டப்பட்டது.

மாசியில், அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, மனைவிதான் அவரை வற்புறுத்திக் கூட்டிவந்தார். ஸ்டம்பின் நுனி கறுத்து, தோல் பாகற்காய் மாதிரித் தடித்து, வெடிப்புகளில் நீர் கசிந்தது.

முந்தைய நான்கு திருத்தங்களையும் மூன்று வெவ்வேறு தொழில்நுட்பவியலாளர்கள் செய்திருந்தார்கள். ஒவ்வொன்றும் அந்தந்த முறைப்பாட்டுக்குப் பொருத்தமான பதில்தான். மாதாந்த அறிக்கையில் இவை ‘திருத்தம்: முடிந்தது’ என்று ஏறின. நிலுவை எதுவும் இல்லாததால் மேற்பார்வையாளர் கையெழுத்திட்டார். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதை அந்தப் படிவம் காட்டாது. அது வேலையை எண்ணுமே தவிர ஆளை எண்ணாது.

ஐந்தாவது வருகையில் கண்டவை

அன்று வேலை மேசைக்குப் போகவிருந்த செயற்கைக் காலை மேற்பார்வையாளர் தடுத்து, ஆளைக் கட்டிலில் இருத்தினார். முதலில் சொக்ஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணினார்கள். 5 பிளை இரண்டு, 3 பிளை ஒன்று, ஆக 13. அவற்றுக்குக் கீழே, தோலோடு, மனைவியின் பழைய சட்டையில் கிழித்த துணி நான்காக மடித்து வைத்திருந்தது. மொத்தம் 10 பிளையைத் தாண்டினால் அந்தச் சொக்கெட்டின் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்வது இத்துறையில் வழக்கம். முந்தைய நான்கு வருகையிலும் எத்தனை சொக்ஸ் போடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

அடுத்து சுற்றளவு. தசைநாண் மட்டத்தில் இரண்டு வருடத்துக்கு முன் 35.0 செ.மீ., இப்போது 33.2. அதற்கு 5 செ.மீ. கீழே 33.5 இருந்தது 31.0 ஆகியிருந்தது. 10 செ.மீ. கீழே மட்டும் 29.0 இலிருந்து 30.1 ஆகக் கூடியிருந்தது. மேலே வற்றி, நுனியில் வீங்கியிருக்கிறது. வெறும் தளர்வு என்றால் மூன்றும் குறைய வேண்டும்.

தோலில் இருந்த சிவப்புத் தடங்கள் அடுத்த சான்று. தசைநாணில் இருக்க வேண்டிய தடம் அதற்குக் கீழே, முன் எலும்பின் முடிச்சில் இருந்தது. பிபியுலா என்னும் வெளிப்பக்கச் சிறிய எலும்பின் தலையிலும் ஒரு தடம். கழற்றிப் பதினைந்து நிமிடமாகியும் இரண்டும் மாறவில்லை.

பிறகு களிமண் உருண்டைப் பரிசோதனை. பிளாஸ்டிக் தாளில் சுற்றிய 2.5 செ.மீ. உருண்டையைச் சொக்கெட்டின் அடியில் போட்டு, அவர் வழமையாகப் போடும் 13 பிளையோடு காலை மாட்டி, பாரம் கொடுத்து நிற்கவைத்துக் கழற்றினார்கள். உருண்டை உருண்டையாகவே இருந்தது. அதாவது ஸ்டம்பின் நுனி 2.5 செ.மீ. அளவுக்கேனும் அந்தரத்தில் தொங்கியிருக்கிறது. அதே பரிசோதனையை 5 பிளையோடு செய்தபோது உருண்டை 8 மி.மீ. தடிப்புக்கு நசிந்தது. ஆனால் நின்ற இரண்டாவது செக்கனில் அவர் “ஆ” என்று காலைத் தூக்கிவிட்டார். நோவு எங்கே என்று கேட்டபோது நுனியின் வெளிப்பக்கத்தில் ஒரே விரலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தைத் தடவினால் தோலுக்கடியில் ஒரு முள் கைக்குத் தட்டுப்பட்டது.

இந்தக் கட்டத்தில் பழைய முறைப்பாடுகள் எல்லாம் ஒரே கயிற்றில் கோர்த்துக்கொண்டன. ஸ்டம்ப் வற்றியதால் உள்ளே இறங்கி, முள் சொக்கெட்டின் சுவரில் தட்டத் தொடங்கியிருக்கிறது. ‘உள்ளுக்க நிக்குதில்ல’ என்று அவர் சொன்னது அதைத்தான். நோவைத் தவிர்க்க அவர் ஸ்டம்பை மேலே தூக்கிப் பிடித்தார், சொக்ஸால். நிலையம் கொடுத்த இரண்டு உறையும் பின்பக்கத் துண்டும் அதற்கு உதவின. ஸ்டம்ப் மேலே ஏறியதும் தசைநாணுக்கான மேடு எலும்பு முடிச்சில் அமர்ந்தது: இரண்டாவது முறைப்பாடு. ஏறியதால் கால் நீண்டது: மூன்றாவது. நீண்ட காலில் முன்பாதத்தை ஊன்றி எம்பி எம்பி நடந்ததால் பாதத்தின் உள்ளேயிருக்கும் கட்டை முடியும் இடத்தில் அடிப்பகுதி வெடித்தது: நான்காவது. பொலியூரிதேன் நம்முடைய வெக்கையிலும் ஈரத்திலும் தானாகவே நொறுங்கக்கூடியது என்பதையும் சேர்க்க வேண்டும். முழுப் பழியும் நடையின்மேல் போட முடியாது.

ஐந்தாவது, சொக்ஸின் தடிப்பால் மேல்வாய் இறுகி, நுனியோ எதிலும் படாமல் தொங்கியது. இரத்தமும் நிணநீரும் இறங்கிப் போய்த் திரும்பி ஏற வழியில்லாமல் நுனியில் தேங்கின. கறுப்பும் கசிவும் பாகற்காய்த் தோலும் அதன் விளைவு. போத்தலின் கழுத்தை நெரிப்பது போன்ற இந்த நிலை பாடப் புத்தகத்தில் முதல் அத்தியாயங்களிலேயே வரும். ஆனால் ஸ்டம்பை வெறுமையாகப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

ஒரு கேள்வி

முள் ஏன் வந்தது என்பதற்கு அட்டையில் பதில் இல்லை. பஸ் விபத்தில் துண்டான காலில் எலும்பு நுனி கூராக வளர்வது நடக்காதது அல்ல. ஆனால் தசைக்குள் புது எலும்பு முளைப்பது வெடிகாயத்தில் அடிக்கடி காணப்படுவது. அமெரிக்கப் படைவீரர்களிடம் செய்த ஆய்வுகளில், போர்க்காயத்தால் அவயவம் அகற்றப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இது காணப்பட்டது. வெடி என்று தெரிந்திருந்தால் முதல் வருகையிலேயே எக்ஸ்ரே நினைவுக்கு வந்திருக்கும்.

பரிசோதனை அறைக் கதவைச் சாத்திவிட்டு இயன்மருத்துவர் கேட்டார்: “அண்ணன், எக்ஸ்ரே எடுத்தா இரும்பு ஏதும் தெரியுமா?”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி யன்னலைப் பார்த்தார்.

“தெரியும் மிஸ். ரெண்டு மூண்டு இருக்கும். தொடையிலயும் ஒண்டு.”

அதற்கு மேல் கேட்கப்படவில்லை. எந்தப் பக்கம் நின்று கால் போனது என்பது சிகிச்சைக்குத் தேவையில்லை. தேவையானது வெடியா, வேறா என்பதுதான். முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடிந்து ஊருக்கு வந்த காலத்தில் ஏதோ ஒரு படிவத்தில் பஸ் விபத்து என்று சொல்லியிருக்கிறார். அடுத்த படிவம் முந்தையதைப் பார்த்து நிரப்பப்பட்டது. அந்தப் பொய்க்கு அவரைக் குறைசொல்வதற்கில்லை. காத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் மேசையில் ‘எப்படிக் கால் போனது’ என்று கேட்ட முறைதான் அதைத் தேவையாக்கியது. அதே வாங்கில் இருந்த படைவீரர் தன் காயத்தின் நாளையும் இடத்தையும் சத்தமாகச் சொல்லக்கூடியவர். இவரால் முடியாது. ஒரே படிவம் இருவரிடமும் ஒரே உண்மையை வாங்கும் என்று நம்பியது நிலையத்தின் பிழை.

எக்ஸ்ரேயில் பிபியுலா நுனியிலிருந்து கீழ்நோக்கி வளைந்த, ஏறத்தாழ 1.5 செ.மீ. நீள எலும்பு முள்ளும் ஸ்டம்புக்குள் மூன்று உலோகத் துகள்களும் தெரிந்தன. ‘உடலில் உலோகத் துகள் உண்டு, எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அறிவிக்கவும்’ என்று அட்டையின் முகப்பில் சிவப்பில் எழுதப்பட்டது. யாருடைய துகள் என்று எழுதத் தேவையில்லை.

ஸ்டம்ப் ஏன் வற்றியது என்பதற்கும் அன்றே பதில் கிடைத்தது. ஒரு வருடத்தில் உடம்பு இளைத்ததாக மனைவி சொன்னார். வெறுவயிற்று இரத்தச் சீனி 168 மி.கி. இரண்டாம் நாளும் நீரிழிவின் எல்லையான 126க்கு மேலேயே இருந்தது. நல்ல காலான வலது பாதத்தில் 10 கிராம் நைலோன் இழையால் பத்து இடங்களில் தொட்டபோது நான்கில் அவருக்கு உணர்வில்லை. அந்தப் பாதத்தோடுதான் அவர் வெறுங்காலாக அரிதாளில் நடந்துகொண்டிருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் விவாதம் காலைக் கழற்றி வைப்பதா என்பது. தொழில்நுட்பவியலாளர், சொக்கெட்டின் அடியை நிரப்பி அன்றே திருப்பிக் கொடுக்கலாம் என்றார். அறுவடைக் காலம், வீட்டில் வேறு ஆண் இல்லை. இயன்மருத்துவர் கசிவு நிற்கும்வரை முற்றாகக் கழற்ற வேண்டும் என்றார். சீனி உள்ள உடம்பில் திறந்த தோலை நுனியில் அழுத்தினால் புண் ஆழமாகும், அதன்பின் பேச்சு முழங்காலுக்கு மேல் வெட்டுவதைப் பற்றியதாக மாறிவிடும் என்பது அவர் வாதம். மேற்பார்வையாளர் இரண்டாவதைத் தேர்ந்தார். பத்து நாள் கால் போடுவதில்லை. கைத்தாங்கிகள். ஸ்டம்புக்கு எட்டு வடிவில் இலாஸ்டிக் துணிக் கட்டு: நுனியில் இறுக்கமாகத் தொடங்கி மேலே போகப் போகத் தளர்த்தி, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவது. மேலே இறுக்கிக் கீழே தளர்த்தினால் சொக்கெட் செய்த அதே பிழையைக் கட்டும் செய்யும். ஆகவே மனைவிக்குக் கற்றுக்கொடுத்து, நிலையத்திலேயே மூன்று தரம் கட்டவைத்துப் பார்த்தார்கள்.

பதினோராம் நாள் கசிவு நின்றது. பழைய சொக்கெட்டில் ஒட்டியிருந்த துண்டை உரித்து, அடியில் இளகிய பிளாஸ்டர் ஊற்றி வெற்றிடத்தின் வடிவம் எடுத்து, அதற்கேற்ப மென்மையான ஈ.வி.ஏ. மெத்தை ஒன்று செய்து பொருத்தினார்கள். முள் தட்டும் இடத்தில் மெத்தையில் குழி. 5 பிளை சொக்ஸ் மட்டும். முன்பு வெட்டிய 8 மி.மீ. உயரத்தைத் தட்டு வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. காலையில் இரண்டு மணித்தியாலம், மாலையில் இரண்டு, வீட்டுக்குள் மட்டும்.

முள்ளை அறுத்து எடுப்பதா என்பதை என்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் விட்டார்கள். அவர் சொன்னது: பொருத்தம் சரியானபின்னும் நோவு தொடர்ந்தால் எடுக்கலாம், சீனி கட்டுக்குள் வராமல் கத்தி வைப்பதில்லை. தடித்த தோலையும் அவரே பார்த்தார். நுனிக்குச் சரியான தொடுகை கிடைத்த பிறகும் மூன்று மாதத்தில் அது தேயாவிட்டால் துண்டெடுத்துச் சோதிக்கும்படி குறிப்பு எழுதினார்.

புதிய சொக்கெட்

மூன்றாம் வாரக் கடைசியில் அச்செடுத்தார்கள். ஈரமாக்கிய பருத்தி உறையின்மேல் அழியாப் பென்சிலால் முழங்காற்சில்லு, தசைநாண், முன் எலும்பின் முடிச்சும் விளிம்பும், பிபியுலாத் தலை, முள் எல்லாம் குறிக்கப்பட்டன. முழங்கால் 25 பாகை மடிப்பில். முள்ளின் இடத்தை உட்கார்ந்தபடி மட்டுமல்ல, மடித்தும் நீட்டியும் தடவிக் குறிக்க வேண்டும். தசை இழுபடும்போது அது ஒரு விரற்கடை நகர்ந்தது.

நிரப்பிய அச்சில் தசைநாண் இடத்தில் 10 மி.மீ. செதுக்கப்பட்டது. பிபியுலாத் தலையில் 5 மி.மீ., முன் விளிம்பில் 3 மி.மீ., முள்ளைச் சுற்றி 8 மி.மீ. பிளாஸ்டர் ஏற்றப்பட்டது. ஏற்றம் முள்ளின்மேல் மட்டும் புடைத்து நின்றால் அதன் விளிம்பே புதிய அழுத்தமாகும். ஆகவே சுற்றிலும் 2 செ.மீ. சரிவாக இறக்கினார்கள். நுனியில் எந்த வெற்றிடமும் விடவில்லை. லைனருக்கு நுனிக் கிண்ணம் தனியாகச் செய்து ஒட்டப்பட்டது.

இந்த இடத்தில் நிலையத்தின் இன்னொரு குறை வெளியே வந்தது. 5 மி.மீ. பொலிபுறொப்பிலீன் தகட்டை 180 பாகையில் இளக்கிப் போர்த்தியபின் அச்சின்மேலேயே ஒரு இரவு விட வேண்டும். ஆறும்போது அது சுருங்கும். சூட்டோடு அச்சை உடைத்து எடுத்தால் வாய் உள்ளே மடிந்து ஒடுங்கும். நடமாடும் கிளினிக் நாட்களுக்கு முந்தைய தினம் வேலையை முடிக்க, மூன்று மணித்தியாலத்தில் அச்சை உடைப்பது இங்கே பழக்கமாகியிருந்தது. இவருடைய பழைய சொக்கெட்டின் மேல்வாயும் அச்சின் அளவைவிட 4 மி.மீ. ஒடுங்கியே இருந்தது. இறுகிய வாய்க்கு சொக்ஸ் மட்டும் காரணமல்ல.

பாதத்துக்கு வல்கனைஸ் செய்த றப்பர் பாதம், விரல் பிரிந்த வெறுங்கால் வடிவம். சற்றுப் பாரம் கூடியது, ஆனால் சேற்றுக்கும் ஈரத்துக்கும் நிற்கும். ஆணி துருப்பிடிக்காத உருக்கில். வரம்பால் நடக்கும் ஆளுக்குச் சப்பாத்து உயரம் வைத்துப் பாதம் பூட்டினால் வீட்டிலும் வயலிலும் பின்னால் சாய்வார். ஆகவே சீராக்கல் முழுக்க வெறுங்காலுக்கே செய்யப்பட்டது. வலது பாதத்துக்கு எம்.சி.ஆர். என்னும் மென்மையான றப்பர் செருப்பு கொடுத்தார்கள். வயலில் அதைப் போட முடியாது, சேறு பிடித்து இழுக்கும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். சரியான கூற்றுத்தான். வயலுக்கென்று தனியாக முழங்கால் உயர றப்பர் சப்பாத்தும், இரவில் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தை மனைவி பார்ப்பது என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

பிறகு நடந்தது

ஆறாம் வாரத்தில் தோல் தடிப்பு பாதிக்கு மேல் தேய்ந்தது. மூன்றாம் மாதத்தில் கறுப்பு மட்டும் மிச்சம். தோல் துண்டெடுக்க வேண்டியிருக்கவில்லை. நாரி நோவு போனது. இருந்து எழுந்து மூன்று மீற்றர் போய்த் திரும்பி உட்காரும் சோதனைக்கு ஐந்தாவது வருகையில் 19 செக்கன் எடுத்தவர், மூன்றாம் மாதத்தில் 13 செக்கனில் முடித்தார்.

எல்லாம் நேராகப் போகவில்லை. ஒன்பதாம் வாரத்தில் அவர் திரும்பி வந்து பழைய வார்த்தையையே சொன்னார்: “உள்ளுக்க நிக்குதில்ல.” இந்தத் தடவை அது உண்மையான தளர்வு. நுனிப் பக்கச் சுற்றளவு அச்செடுத்த அன்று 27.6 செ.மீ., இப்போது 26.4. வீக்கம் இன்னும் வற்றிக்கொண்டிருந்தபோதே அச்செடுத்தது மேற்பார்வையாளரின் அவசரம். அறுவடை முடிவதற்குள் கால் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அளவுநாடாவை முந்திவிட்டது. சொக்கெட்டை வைத்துக்கொண்டு லைனர் மட்டும் புதிதாகச் செய்யப்பட்டது. முள்ளின் குழி பழைய இடத்துக்கு வராமல் இருமுறை திருத்த வேண்டியிருந்தது.

ஆறாம் மாதத்தில் 3 பிளை சொக்ஸோடு நாள் முழுக்க நடந்தார். வெறுவயிற்றுச் சீனி 120க்கும் 130க்கும் இடையில். ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடந்தால் முள் இன்னும் நோகிறது. சத்திரசிகிச்சைக்கு நாள் தர நிபுணர் ஆயத்தமாக இருந்தார். அடுத்த பெரும்போகம் வெட்டியபின் பார்ப்போம் என்று பயனாளிதான் தள்ளிவைத்தார். அந்த முடிவு அவருடையது, அட்டையில் அவ்வாறே பதிவாகியுள்ளது.

நடைமுறையில் மாற்றப்பட்டவை

எந்தக் காரணத்துக்கு வந்தாலும், பட்டி அறுந்தது என்று வந்தாலும், ஸ்டம்ப் வெறுமையாகப் பார்க்கப்படும். சொக்ஸ் எண்ணப்பட்டு பிளை எழுதப்படும். மூன்று இடத்தில் சுற்றளவு எடுக்கப்படும். இவ்வளவுக்கும் எட்டு நிமிடம் போகிறது. முதல் மாதத்தில் வரிசை நீண்டு முணுமுணுப்பு வந்தது. காலை ஏழரைக்கே அட்டை கொடுப்பதால் இப்போது சமாளிக்கப்படுகிறது.

90 நாளுக்குள் ஒருவர் மூன்றாவது தடவை திருத்தத்துக்கு வந்தால் அந்தக் கால் மேசைக்குப் போகாது. தொழில்நுட்பவியலாளர், இயன்மருத்துவர், மேற்பார்வையாளர் மூவரும் சேர்ந்து ஆளைப் பார்ப்பார்கள். மாத அறிக்கையில் ‘திரும்பி வந்தவர்கள்’ என்று ஒரு நிரல் சேர்க்கப்பட்டது.

முறைப்பாடு பயனாளியின் வாய்வார்த்தையாகவே எழுதப்பட வேண்டும். ‘தளர்வு’, ‘இறுக்கம்’ என்று மொழிபெயர்ப்பது பரிசோதித்த பிறகு. சிங்களம் பேசும் பயனாளிகளுக்கும் இதே விதி. அவர்கள் சொன்ன சொல் அப்படியே தமிழ் எழுத்தில் ஏறும்.

காயத்தின் காரணம் என்ற நிரல் வரவேற்பு மேசைப் படிவத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக உள் அறையில், கதவு சாத்தியபின், மூன்று கேள்வி: உடம்புக்குள் உலோகம் இருக்கலாமா, எலும்பு எங்கேயாவது தட்டுப்படுகிறதா, எத்தனை முறை கத்தி வைத்தார்கள். இதற்குப் பிறகு பழைய அட்டைகளைப் புதுப்பித்தபோது ‘விபத்து’ என்று இருந்தவற்றில் சில மாறின. எத்தனை என்பது நிலையத்துக்கு வெளியே போக வேண்டிய கணக்கு அல்ல.

அச்சை ஆறவிடும் நேரம் சூளைக்குப் பக்கத்துப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதப்படுகிறது: போர்த்திய நேரம், உடைக்கலாம் என்ற நேரம். நடமாடும் கிளினிக்குக்கு முந்தைய இரண்டு நாளும் போர்த்தும் வேலை இல்லை.

வீங்கிய ஸ்டம்பில் இரண்டு வாரம் தொடர்ந்து மூன்று இடத்துச் சுற்றளவும் அரை செ.மீ.க்குள் நின்றால்தான் அச்சு. இது இவருக்குச் செய்யத் தவறியது.

தீராமல் இருப்பது ஒன்று. வயலில் நிற்கும் மனிதருக்கு ஒரு கால் போதாது. சேற்றில் ஊறிய அதே லைனரை மாலையில் கழுவி, மறுநாள் காய்ந்தும் காயாமலும் மாட்ட வேண்டியிருக்கிறது. நிலையத்தின் விதி ஆளுக்கு ஒரு கால், மூன்று வருடத்துக்கு. கழித்த பழைய காலின் அடியில் 6 மி.மீ. துளையிட்டுத் தண்ணீர் வடியவிட்டு, புது லைனர் போட்டு ‘வயல் கால்’ என்று இரண்டாவதாகக் கொடுக்கலாமா என்பது பரிசீலனையில் இருக்கிறது. இவருடைய பழைய சொக்கெட் வாய் ஒடுங்கியது, அதற்கு உதவாது. ஆறிய அச்சில் இன்னொன்று போர்த்த வேண்டும். தகடு ஒதுக்கீட்டுக்குக் கடிதம் போயிருக்கிறது.